பெண் கேட்கக் கைலியில் போனேன்

கோலாலம்பூரிலிருந்து திருச்சிக்குப் பறந்து வந்த நேரமும், திருச்சியிலிருந்து அரியலூருக்குப் பஸ்ஸில் வந்த நேரமும் ஏறக்குறைய ஒன்றுதான். சொன்னால் என் மகன் நம்பாமல் சிரிக்கிறான். கீழப்பழுவூரில் பஸ் ஒரு பெருமூச்சு விட்டு நின்றுவிட்டது. "எல்லாரும் எறங்கி ஒரு டீயக் குடிங்க, அதுக்குள்ள சரியாயிடும்" என்றார் கண்டக்டர். ஒரு டீயில்லை, இரண்டு டீயும் ஒரு தட்டுப் போண்டாவும் ஆயிற்று. எங்கள் ஊரில் பஸ் நின்றால் ஆளாளுக்குப் போனை எடுத்துப் புகார் சொல்ல ஆரம்பித்துவிடுவார்கள். இங்கே போண்டா தீர்வதற்குள் பஸ்ஸில் வந்தவர்கள் எல்லோரும் சொந்தக்காரர்கள் மாதிரி ஆகிவிட்டார்கள். எனக்கோ கால் தரையில் பாவவில்லை. ஐம்பத்தெட்டு வயதில் முதல்முறையாகத் தமிழ்நாட்டுக்கு வந்திருக்கிறேன், அதுவும் என் மகனுக்குப் பெண் கேட்க.

டீக்கடை வாசலில் நின்ற ஆண்களில் பாதிப்பேர் கைலிதான் கட்டியிருந்தார்கள். கட்டம் போட்டது, பூப்போட்டது, சாயம் போனது என்று பல தினுசு. எல்லாம் முட்டிக்கு மேலே மடித்துக் கட்டியது. எதிர்ப்பக்கத்திலிருந்து வெள்ளை வேட்டியில் ஒரு பெரியவர் சாலையைக் கடந்து வந்தார். அவ்வளவுதான், மூன்று கைலிகள் சொல்லி வைத்தாற்போல் கணுக்காலுக்கு இறங்கின. பெரியவர் டீ குடித்துவிட்டுப் போனதும் மூன்றும் மறுபடி மேலே ஏறின. யாரும் பேச்சை நிறுத்தவில்லை, கை தன் பாட்டுக்கு அந்த வேலையைச் செய்தது. எங்கள் ஊரிலும் தெருவுக்குத் தெரு கைலி உண்டு. ஆனால் மரியாதைக்குத் தக்கபடி ஏற்றி இறக்குகிற இந்த வித்தையை நான் பார்த்ததே இல்லை. வாய் பிளந்து நின்ற என்னைக் கண்டக்டர் வந்து கையைப் பிடிக்காத குறையாக பஸ்ஸில் ஏற்றினார்.

என்னைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். நான் கிள்ளானில் பள்ளிக்கூடக் கேண்டீன் நடத்தி ஓய்ந்தவள். வீட்டுக்காரர் காலமான பிறகு மாடி அறையை வேலைக்குப் போகும் பெண்களுக்கு வாடகைக்கு விட்டேன். அப்படி வந்தவள்தான் தேன்மொழி. உடையார்பாளையம் பக்கத்துப் பெண், கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை. ஊர்ப் பெயரை மட்டும் எழுதிவிடாதீர்கள் ஆன்ட்டி என்று கேட்டுக்கொண்டிருக்கிறாள், அதனால் எழுதவில்லை. பினாங்கில் வேலை பார்க்கும் என் மகன் குமரன் தீபாவளிக்கு வீட்டுக்கு வந்தான். பிறகு தைப்பூசத்துக்கு வந்தான். பிறகு ஒரு காரணமும் இல்லாமல் வாராவாரம் வந்தான். எனக்கு விஷயம் புரிந்துவிட்டது.

பெண்ணுக்கும் சம்மதம்தான். ஆனால் அப்பா அம்மா தங்கள் வாயால் சரி என்று சொன்னால்தான் கல்யாணம், இல்லையென்றால் வேண்டாம் என்று திட்டமாகச் சொல்லிவிட்டாள். அவள் அப்பா கலியபெருமாள் பல மாதங்களாகப் போனில் என்னிடம் "பாக்கலாம்மா" என்பதற்கு மேல் ஒரு வார்த்தை பேசவில்லை. ஒரே ஒரு முறை மட்டும், "கடலத் தாண்டிக் கட்டிக் குடுத்துட்டு, ஒரு ஆத்திர அவசரம்னா யாரும்மா ஓடறது?" என்று கேட்டார். அம்மா மலர்கொடி அதுகூடப் பேசவில்லை, போனை வாங்கி மூச்சு விடுவார், திருப்பிக் கொடுத்துவிடுவார். இது போனில் ஆகிற காரியமில்லை என்று நானே பெட்டியைக் கட்டிவிட்டேன்.

அரியலூரில் முருகேசன் வீட்டில் தங்கினேன். எங்கள் தாத்தா விக்கிரமங்கலத்திலிருந்து கப்பலேறியவர். அவருடைய தம்பியின் பேரன் இந்த முருகேசன், எனக்குத் தம்பி முறை. விக்கிரமங்கலத்தைப் போய்ப் பார்த்தீர்களா என்று கேட்காதீர்கள், நேரமில்லை. முருகேசன் சிமெண்ட் ஆலைக்குச் சுண்ணாம்புக்கல் ஏற்றும் லாரி ஓட்டுகிறான். அவன் மனைவி கவிதா அன்று இரவு தோசையும் வேர்க்கடலைச் சட்னியும் வைத்தாள். நான் கேண்டீன்காரி, லேசில் யார் சமையலையும் மெச்ச மாட்டேன். அன்றைக்கு எத்தனை தோசை என்று கணக்கு வைக்கவில்லை, கவிதாதான் மாவுச் சட்டியைக் கவிழ்த்துக் காட்டினாள்.

மறுநாள் காலை குளித்துவிட்டு, வழக்கம்போல பூப்போட்ட ஒரு பத்தேக் கைலியும் டீ சட்டையுமாக வாசலில் வந்து நின்றேன். எங்கள் ஊரில் மலாய், சீனர், தமிழர் என்று பேதமில்லாமல் பெண்களுக்கு வீட்டுடுப்பு அதுதான். வேலை முடிந்து வந்தால் முதலில் கைலிக்குள் இறங்கி, இடுப்பில் ஒரு மடிப்பு மடித்துச் செருகிவிட்டுத்தான் மூச்சு விடுவோம். எதிர்வீட்டு வாசலில் கோலம் போட்டுக்கொண்டிருந்த அம்மா கோலத்தை விட்டுவிட்டு என்னைப் பார்த்தார். பால்காரர் வண்டியை மெதுவாக்கினார். கவிதா உள்ளேயிருந்து ஓடி வந்து என் முழங்கையைப் பிடித்தாள்.

"அண்ணி, உள்ள வாங்க. கைலியோட தெருவுல நிக்கிறீங்களே."

"ஏம்மா, மேலயும் கீழயும் மூடித்தானே இருக்கு?"

"கைலி ஆம்பளைங்க கட்டுறதுண்ணி. பொம்பளைங்கன்னா பாய் வூட்டு அம்மாங்க கட்டுவாங்க. நம்ம வூட்டுல யாரும் கட்டறதில்ல."

அந்த நேரம் பார்த்து ஒரு பெண் தொளதொள நைட்டியில், தோளில் ஒரு துண்டைப் போட்டுக்கொண்டு, மளிகைக் கடைக்குப் போனார். அவர் பின்னால் இன்னொருவர் அதே நைட்டி, அதே துண்டு. அது மட்டும் எப்படி என்று கேட்டேன்.

"அது நைட்டிண்ணி. நைட்டி வேற."

"எப்படி வேற?"

"வேறதான்" என்று சொல்லிவிட்டுக் கவிதா கதவைச் சாத்தினாள். அன்று முழுக்க நான் அதே கேள்வியைக் கேட்டுக்கொண்டிருந்தேன், அவள் அதே பதிலைச் சொல்லிக்கொண்டிருந்தாள்.

அதோடு விட்டிருந்தால் பரவாயில்லை. சம்பந்தி வீட்டுக்கு என்ன கொண்டுவந்திருக்கிறீர்கள் என்று கேட்டாள். பெட்டியைத் திறந்து, கலியபெருமாளுக்கென்று அலைந்து திரிந்து வாங்கி வந்த உயர்ந்த ரகக் கட்டம் போட்ட கைலியைப் பெருமையாக எடுத்துக் காட்டினேன். எங்கள் பக்கத்து வீட்டு மலாய்க்காரர்கள் பெருநாளுக்கு அப்பாவுக்கும் மாமனாருக்கும் பார்த்துப் பார்த்து வாங்கிக் கொடுப்பது அதைத்தான். பள்ளிவாசலுக்கு அதைத்தான் கட்டிப்போவார்கள். கவிதா அப்படியே கட்டிலில் உட்கார்ந்துவிட்டாள்.

"சம்மந்தம் பேசப் போற எடத்துக்கு யாராச்சும் கைலி எடுத்துட்டுப் போவாங்களாண்ணி? வூட்டுல கெடக்கறப்ப கட்டுற துணி. வேட்டி சட்டை வைக்கணும். அந்தம்மாவுக்குப் பொடவை."

"அப்ப இது எனக்குத்தாங்க்கா" என்று முருகேசன் கைலியை அதன் அட்டைப்பெட்டியோடு வாங்கிக்கொண்டான். அவன் முகத்தில் இருந்த சந்தோஷத்தைப் பார்த்ததும் எனக்குக் கோபம் கூட வரவில்லை.

ஆக, வேட்டி வாங்க மூன்றாம் நாள் பெரம்பலூருக்குப் போனோம். அங்கே கவிதாவுக்குத் தெரிந்த பெரிய ஜவுளிக் கடை இருந்தது. வழி நெடுகச் சின்ன வெங்காயம். வயலில் வெங்காயம், களத்தில் வெங்காயம், பஸ் கூரையிலும் வெங்காய மூட்டை. என் பக்கத்தில் உட்கார்ந்திருந்த அம்மா மடியிலிருந்து ஒரு கைப்பிடி எடுத்து, "சும்மா தின்னு பாருங்க, இனிக்கும்" என்று கொடுத்தார். தின்று பார்த்தேன், கண்ணில் தண்ணீர் வந்தது. அந்த அம்மாவுக்கு ஒரே சிரிப்பு. மத்தியானம் ஓட்டலில் அந்த வெங்காயத்தில் ஒரு சாம்பார் ஊற்றினார்கள் பாருங்கள், கிள்ளானில் இத்தனை வருஷம் நான் கிண்டியதெல்லாம் என்ன என்று கொஞ்ச நேரம் யோசித்தேன்.

ஜவுளிக் கடையில் வேட்டி, புடவை எடுத்து முடித்ததும் என் வாய் சும்மா இராமல், மகனுக்கு வாங்கலாம் என்று, "பெலிக்காட் இருக்கா?" என்று கேட்டுவிட்டது. எங்கள் ஊர் மலாய்ப் பேச்சில் ஆண்கள் கட்டும் கட்டம் போட்ட கைலிக்கு அதுதான் பெயர். பெண்கள் கட்டுவது பத்தேக், பொதுவாகச் சொன்னால் சாரோங். கடையிலிருந்த பிள்ளைகள் முழித்தார்கள். கல்லாவிலிருந்த பாய் மட்டும் எழுந்து வந்தார்.

"மலேசியாவாம்மா? நான் பினாங்குல கடையில நின்னவன். பெலிக்காட்டுன்னா என்னான்னு தெரியுமில்ல? நம்ம பழவேற்காடும்மா. ஒரு காலத்துல அந்தத் தொறைமுகத்துலேருந்து போன துணி. ஊரு பேரச் சொல்லித்தான் இன்னக்கி வரைக்கும் மலாய்க்காரவங்க கட்டுறாங்க. இங்க வந்து அந்தப் பேரச் சொன்னா ஒருத்தருக்கும் தெரியாது."

எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. பிறந்ததிலிருந்து கேட்ட மலாய் வார்த்தை, அதற்குள் ஒரு தமிழ் ஊர் இருந்திருக்கிறது. கவிதாவின் தோளைக் குலுக்கிச் சொன்னேன். "இருக்கட்டும்ணி, அதுக்காக வெளியில கட்டிறாதீங்க" என்றாள்.

பக்கத்தில் ஒரு முஸ்லிம் அம்மா மகளுக்குப் பூப்போட்ட கைலி பார்த்துக்கொண்டிருந்தார். நான் நைட்டிக் கதையைச் சொன்னதும், "எங்க வூட்ல எல்லாருக்கும் இதுதாம்மா. இதக் கட்டிப் பழகுனவளுக்கு வேற எதுவும் ஒடம்புல நிக்காது" என்று என் கையைத் தட்டிச் சிரித்தார். ஐந்து நிமிஷத்தில் நாங்கள் சிநேகிதிகள். குமரனுக்கு எடுத்த கைலி இரண்டு முனையும் மூட்டாமல் வெறும் துணியாக இருந்தது. எங்கள் ஊரில் தைத்த பிறகுதான் கடைக்கே வரும். இங்கே கடை வாசலில் ஒருவர் தையல் மிஷினோடு உட்கார்ந்து, நாம் பேசிக்கொண்டு நிற்கும்போதே மூட்டிக் கொடுத்துவிடுகிறார்.

வெள்ளிக்கிழமை பெண் கேட்கப் போகிற நாள். பத்தரைக்கு ராகுகாலம், அதற்குள் போய் உட்கார்ந்துவிட வேண்டும். சொல்லி வைத்த கார்க்காரர் காலையில் போனையே எடுக்கவில்லை. கவிதா ஒரு நிமிஷம் கூட யோசிக்கவில்லை. பக்கத்து வீட்டு ஸ்கூட்டியை வாங்கி, பழம், பூ, வேட்டி, புடவை எல்லாவற்றையும் முன்னால் வைத்துக்கொண்டு பறந்துவிட்டாள். நான் அவள் கட்டிவிட்ட பட்டுப் புடவையில், முருகேசன் பைக்கின் பின்னால் ஒருக்களித்து உட்கார்ந்தேன்.

இந்த நாட்டுப் பெண்கள் இப்படித்தான் ஒருக்களித்து உட்கார்ந்து, மடியில் குழந்தை, கையில் பை, போனில் பேச்சு என்று போகிறார்கள். எனக்கு எங்கே பிடிப்பது என்றே தெரியவில்லை. எதிரே வரும் ஒவ்வொரு லாரிக்கும் ஒரு சாமியைக் கூப்பிட்டேன். இருந்தாலும் காற்றும், இரண்டு பக்கமும் முந்திரித் தோப்பும், பழுத்த வாசனையும் சேர்ந்து எனக்குப் பாடத் தோன்றியது. பாடவும் செய்தேன். உடையார்பாளையம் நெருங்கும்போது இடுப்பில் யாரோ பிடித்து இழுத்த மாதிரி இருந்தது. சேலை சக்கரத்துக்குள் போய்விட்டது.

முருகேசன் உடனே பிரேக் போட்டதால் பிழைத்தேன். எனக்கு ஒரு கீறல் இல்லை. ஆனால் கொசுவம் முழுக்கச் செயினில் சுற்றி, கிரீஸ் அப்பி, கிழிந்து தொங்கியது. நடுரோட்டில் உள்பாவாடையும் ஜாக்கெட்டுமாக, தோளில் பாதிச் சேலையோடு நிற்கிறேன். தோப்பில் முந்திரிக்கொட்டை பொறுக்கிக்கொண்டிருந்த பெண்கள் ஓடி வந்தார்கள். ஒருத்தி தலைத்துண்டை அவிழ்த்து மறைப்புப் பிடித்தாள். ஒருத்தி தண்ணீர் கொடுத்தாள்.

"அக்கா, திரும்பிப் போயிடலாமா?" என்றான் முருகேசன். அவன் முகம் பேயறைந்த மாதிரி இருந்தது. "போயிட்டு வந்தா ராகுகாலம் பொறந்துடும். பொண்ணு கேக்கக் கெளம்பிப் பாதியில திரும்புனாங்கன்னு தெரிஞ்சா, அவங்க வேற பேசவே வேணாம், அதையே சொல்லி முடிச்சுருவாங்க."

அவன் சொன்னது சரிதான். பல மாதம் "பாக்கலாம்" சொன்ன மனிதருக்கு வேண்டாம் என்று சொல்ல ஒரு காரணத்தை நானே கையில் கொடுப்பேனா? என் கைப்பையில் கைலி இருந்தது. எங்கள் ஊர்ப் பெண்கள் பையில் அது எப்போதும் இருக்கும். ஆஸ்பத்திரியில் போர்த்திக்கொள்ள, மழைக்குத் தலையில் போட, அவசரத்துக்குக் குழந்தைக்குத் தொட்டில் கட்ட. அரக்குச் சிவப்பில் நீலப்பூப் போட்ட அந்தப் பத்தேக் கைலியை எடுத்துக் கட்டினேன். சேலையில் கிழியாமல் தப்பித்த பாதியை முருகேசன் பல்லால் கடித்துக் கிழித்துக் கொடுத்தான், தாவணி மாதிரி மேலே போட்டுக்கொண்டேன்.

தண்ணீர் கொடுத்த பெண் என்னை ஏற இறங்கப் பார்த்தாள். "பாவாட தாவணி கட்டுன மாதிரியே இருக்கு. பொண்ணு கேக்கப் போறீங்களா, இல்ல ஒங்களத்தான் கேக்கப் போறாங்களா?" என்றாள். தோப்பே சிரித்தது. நானும் சிரித்துவிட்டேன்.

கலியபெருமாள் வீட்டு வாசலில் நாற்காலிகள் போட்டு ஏழெட்டுப் பேர் உட்கார்ந்திருந்தார்கள். கவிதா தட்டோடு நின்றுகொண்டிருந்தாள். நான் பைக்கிலிருந்து இறங்கியதைப் பார்த்ததும் கண்ணை மூடிக்கொண்டாள். வெள்ளை வேட்டியில் இருந்த கலியபெருமாள் எழுந்து கும்பிட்டார், ஆனால் பார்வையைத் தென்னை மரத்துக்குக் கொண்டுபோய்விட்டார். மலர்கொடியின் அண்ணன், அதாவது பெண்ணின் தாய்மாமன், பார்வையை நகர்த்தவில்லை.

"பொண்ணு கேக்க வர்றவங்க கைலியிலயா வருவாங்க? இது என்னா ஊரு வழக்கமோ."

முருகேசன் நடந்ததைச் சொன்னான். அவன் பேசியதில் பாதி அவன் பதற்றத்திலேயே போய்விட்டது. கலியபெருமாள் தென்னை மரத்தைப் பார்த்தபடியே, "உள்ள கூட்டிட்டுப் போயி ஒரு பொடவை எடுத்துக் குடு" என்று மனைவியிடம் சொன்னார். முடிந்தது கதை என்று நினைத்துக்கொண்டேன். குமரனுக்கு என்ன சொல்வேன், அந்தப் பெண்ணுக்கு என்ன சொல்வேன்?

அறைக்குள் போனதும் மலர்கொடி பீரோவைத் திறந்து ஒரு பச்சைப் புடவையை எடுத்தார். கொடுக்கவில்லை. கையில் வைத்துக்கொண்டு என் கைலியையே பார்த்தார். அவர் குரலை அன்றுதான் முதல்முறை கேட்டேன்.

"அங்க பொம்பளைங்க இதக் கட்டுவாங்களா?"

"எல்லாரும் கட்டுவாங்க. வேலைவிட்டு வீட்டுக்கு வந்தா இதான்."

"தேனும் கட்டுதா?"

ஏர்போர்ட்டில் வைத்துத் தேன்மொழி என் கையைப் பிடித்துச் சொன்ன ஒரே விஷயம், கைலி கட்டுவதை அம்மாவிடம் சொல்லிவிடாதீர்கள் என்பதுதான். ஆனால் பெற்றவள் கண்ணைப் பார்த்துப் பொய் சொல்ல எனக்கு வரவில்லை.

"கட்டுது" என்றேன். ஆரம்பித்தால் எனக்கு நிறுத்தத் தெரியாது. "ஆபீஸ் விட்டு வந்தா மாடிக்குக்கூட போகாதுங்க. என் கொடியில கிடக்குற கைலில ஒண்ண உருவிக் கட்டிக்கிட்டு, தலைய அவுத்துவிட்டுட்டு, அடுப்படியில தரையில உக்காந்துடும். குழம்புச் சட்டியிலேயே சோத்தப் போட்டுப் பிசைஞ்சு சாப்பிடும். தட்டுல போட்டுச் சாப்பிடுன்னு நானும் கத்துவேன், கேக்காது. சாப்பிட்டு அங்கேயே சுருண்டு தூங்கிடும். நான்தான் எழுப்பி மாடிக்கு அனுப்பணும்."

மலர்கொடி கட்டிலில் உட்கார்ந்தார். புடவையை முகத்தில் வைத்துக்கொண்டு அழுதார். நான் காரியத்தைக் கெடுத்துவிட்டேன் என்றுதான் நினைத்தேன்.

"எங்கிட்ட வீடியோவுல பேசறப்ப சுடிதாரு, பொட்டு, சீவுன தலை" என்றார். "ஒரு நாளு கூடக் கசங்கிப் பாத்ததில்ல. நல்லாருக்கேம்மா, நல்லாருக்கேம்மாங்கும். ஆபீசர்கிட்ட பேசற மாதிரி பேசும். எம்பொண்ணு வூட்டுல எப்படிக் கெடக்கும்னு எனக்குத் தெரியாதா? அக்கடான்னு குந்தறதுக்கு அங்க அதுக்கு ஒரு எடமில்லபோலன்னு நெனச்சி நெனச்சி எனக்குத் தூக்கம் வராது. இதுல அங்கேயே எப்படிக் கட்டிக் குடுப்பேன்?"

நான் பக்கத்தில் உட்கார்ந்து அவர் கையைப் பிடித்துக்கொண்டேன்.

"சட்டியிலயேவா திங்குது?"

"சட்டியிலயேதான்."

அழுதுகொண்டே சிரித்தார். பிறகு எழுந்து புடவையை மடித்துப் பீரோவில் வைத்துப் பூட்டினார். "மாத்த வேணாம். இப்படியே வாங்க" என்று என் கையைப் பிடித்து வாசலுக்குக் கூட்டிக்கொண்டு போனார்.

"ஏங்க, அந்தத் தட்ட வாங்குங்க" என்றார்.

கலியபெருமாள் நிமிர்ந்து பார்த்தார். "பொடவை குடுக்கலியா?"

"பொடவைய விடுங்க. ஒங்க பொண்ணு அங்க இவங்க கைலியக் கட்டிக்கிட்டு, இவங்க அடுப்படியில குந்தி, சட்டியில சோறு திங்குதாம். அது அங்க ஏற்கெனவே வூட்டுப் புள்ளையாத்தான் இருக்கு. நாமதான் இங்க குந்திக்கிட்டு பாக்கலாம், பாக்கலாங்கறோம்."

கலியபெருமாள் முதல்முறையாக என்னை நேராகப் பார்த்தார். "சட்டியில தின்னா திட்டுவீங்களா?"

"தினமும் திட்டுறேங்க."

அவர் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். ரொம்ப நேரம் துடைத்தார். தாய்மாமன் கைக்கடிகாரத்தைப் பார்த்து, "ராகுகாலம் பொறந்துருச்சு" என்றார். "பொறந்தா பொறக்கட்டும் மச்சான்" என்று சொல்லிவிட்டு, கலியபெருமாள் கவிதா கையிலிருந்த தட்டை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார். கவிதா என் முதுகில் ஒன்று வைத்தாள், நல்ல அடி.

தேன்மொழி அன்று லீவு போட்டுவிட்டு என் வீட்டிலேயே காத்துக்கொண்டிருந்தாள். வீடியோவில் கூப்பிட்டேன். முதல் மணியிலேயே எடுத்தாள். சுடிதார், துப்பட்டா, பொட்டு, படிய வாரிய தலை. "என்னாச்சு ஆன்ட்டி?" என்று கேட்கும்போதே அவளுக்குக் குரல் உடைந்தது. மலர்கொடி போனை என்னிடமிருந்து வாங்கி மகளைப் பார்த்தார்.

"மொதல்ல போயி கைலியக் கட்டிக்கிட்டு வா" என்றார். "அப்பறம் பேசலாம்."